வரப்பில் நின்று எழுதாதே

கண்ணு, நெற்றித் தையல் இழுக்கிறதா? குனிந்து படிக்காதே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து படி. நேற்று நீ போனில் பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளையின் மண்டையை ஒருவன் உடைத்துவிட்டான் என்று கேட்டால் எவளுக்கு இறங்கும்? முதலில் அவனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். கை அழுகிப் போக, குடி விளங்காமல் போக என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள். அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து நீ சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். திட்டு தானாக நின்றுவிட்டது. மறுபடி போன் பண்ணினால் “உனக்கு இதெல்லாம் புரியாதும்மா” என்று நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதமென்றால் கோபத்தில் தூக்கிப் போட்டாலும் பிறகு எடுத்துப் படிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். புயல் மழையில் உன் பொறுப்பில் இருக்கிற ஊரில் நெல்லெல்லாம் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. வி.ஏ.ஓ. என்ற முறையில் நீ போய்ச் சேதத்தைப் பார்த்து எழுதினாய். ஒருத்தன் வயலில் மட்டும் நெல்லே இல்லை, அறுத்த வெறும் அடித்தாள்தான் நின்றது. அறுத்து முடித்தவனுக்கு நிவாரணம் எதற்கு என்று ‘அறுவடை முடிந்த நிலம்’ என்று எழுதிவிட்டாய். அவன் கட்டையால் அடித்துவிட்டான். இனி அந்த ஊரில் கால் வைக்க மாட்டேன், போலீசில் எழுதிக் கொடுக்கப்போகிறேன், பட்டியல் இருக்கிறபடியே இந்த வாரம் தாலுகா ஆபீசுக்குப் போய்விடும் என்றாய். மாட்டுத் தீவனத்துக்கு அறுத்திருப்பானோ என்று கேட்டேன். அதற்கு நீ, “வரப்புல நின்னு பாத்தாலே தெரியுதும்மா, வெறும் தாளு” என்றாய். வரப்பில் நின்று என்றாய். எனக்கு இடது தோள்பட்டையில் சுருக்கென்றது. அந்த எலும்பு சேர்ந்து எத்தனையோ வருடமாகிறது, ஆனால் இந்த ஒரு வார்த்தைக்கு அது இன்னும் வலிக்கிறது.

அப்பா ஒரு வி.ஏ.ஓ.வை அடித்தார், உள்ளே போனார், அம்மாவுக்குத் தோள் முறிந்தது என்பது உனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஆனால் நீ அப்போது சேலத்தில் கல்லூரி விடுதியில் இருந்தாய். நீ பஸ் ஏறி வந்தபோது நான் தர்மபுரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்தேன். வயலில் என்ன நடந்தது என்று உன் அப்பா வாயைத் திறக்கமாட்டார், நானும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். உன் நெற்றியில் தையல் இருக்கும்போது கேட்டால்தான் உனக்கு முழுதாக விளங்கும்.

அந்த வருடம் நம் மரவள்ளி ஆள் உயரத்துக்கு நின்றது. இன்னும் ஒரு மாதம் போனால் கிழங்கு பிடுங்கலாம். மழை விடாமல் அடித்து, ஒரு நாள் உச்சிப்பொழுதில் ஏரிக்கரை உடைந்தது. தண்ணீர் வந்தது என்று சொன்னால் போதாது, அடிக்க வந்தது. வேலமரத்தை வேரோடு உருட்டிக்கொண்டு வந்து மோட்டார் கொட்டகையை இடித்தது. கொட்டகைத் தகரம் ஒன்று பறந்து வந்து புங்கமரத்தில் கத்தி மாதிரி குத்தி நின்றது. நான் அந்த இடத்தில் இருந்து அப்போதுதான் நகர்ந்திருந்தேன். மாட்டுக் கொட்டகையில் செவலைப் பசுவும் கன்றும் கட்டியபடி இருந்தன. உன் அப்பா கொடுவாளை எடுத்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கினார். பசு மிரண்டு அவரைக் கம்பத்தோடு வைத்து நெரித்தது. கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை வெட்டினார், வெட்டு அவர் உள்ளங்கையிலும் விழுந்தது. பசு நீந்திக் கரையேறிவிட்டது. கன்றின் கயிற்றை வெட்டும்போது அது ஏற்கெனவே கழுத்து இறுகிச் செத்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, கையிலிருந்து ரத்தம் ஒழுக, அந்த மனிதர் மேட்டுக்கு ஏறி வந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

தண்ணீர் வடிய சில நாள் ஆனது. வடிந்த பிறகு பார்த்தால் மரவள்ளி பச்சைப் பசேலென்று நின்றது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். உன் அப்பா ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். கிழங்கு அவர் கையிலேயே பிதுங்கிக் கூழாகி வழிந்தது. அந்த நாற்றம் இருக்கிறதே, செத்த எலியை விட மோசம். நெல் சாய்ந்தால் ரோட்டில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். மரவள்ளி மண்ணுக்குள் சாகும், மேலே இலை சிரித்துக்கொண்டிருக்கும். மேட்டுப் பக்கத்தில் கொஞ்சம் கிழங்காவது கெட்டியாக இருக்கும், அதுவும் அழுகுவதற்குள் பிடுங்கி மில்லுக்கு ஏற்றிவிடுவோம் என்றார் அப்பா. எல்லாக் குடியானவனும் அதைத்தான் செய்வான். ஆள் பிடித்து, சேற்றில் முழங்கால் புதைய, வயல் முழுவதும் பிடுங்கினோம். டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனால் ஜவ்வரிசி மில் வாசலில் ஒருத்தன் நாலு கிழங்கை ஒடித்துப் பார்த்தான். உள்ளே கருப்பு. அப்படியே திருப்பிவிட்டான். வரும் வழியில் ஏரிப் புறம்போக்கில் லோடு முழுவதையும் கொட்டிவிட்டு உன் அப்பா வெறும் டிராக்டரில் வீட்டுக்கு வந்தார்.

இந்தப் பக்கம் நான் என்ன செய்தேன் தெரியுமா? குச்சிகளை வெட்டிக் கட்டுக்கட்டாகக் கட்டினேன். கிழங்கு போனாலும் குச்சி உயிரோடு இருந்தது. அதை நிழலில் நிறுத்தி வைத்தால்தான் அடுத்த நடவுக்கு விதைக்குச்சி. நான் கட்டுகிற கட்டு ஊரில் பேர் போனது, உனக்கே தெரியும், ஒரு குச்சி முன்னே பின்னே நீட்டிக்கொண்டிருக்காது. புங்கமரத்தடியில் வரிசையாக நிறுத்தினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்கிற மாதிரி இருந்தது. எல்லாம் போன பிறகும் அது ஒன்று என் கைக்குள் இருந்தது, அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

அதற்கு மறுநாள்தான் வி.ஏ.ஓ. தலையாரியோடு பைக்கில் வந்தார். வரப்பில் நின்றார். பிடுங்கின வயல், மரத்தடியில் அழகாக அடுக்கின குச்சி. பார்க்கிறவன் கண்ணுக்கு அது நல்ல அறுவடை. ‘அறுவடை முடிந்த நிலம்’ என்று சொல்லிக்கொண்டே எழுதினார். உன் அப்பா அவர் முன்னால் போய் நின்று, எல்லாம் அழுகிவிட்டது சார், புறம்போக்கில் கொட்டிக் கிடக்கிறது, வந்து பாருங்கள் என்று கெஞ்சினார். படம் இந்த நிலத்தில்தான் எடுக்க வேண்டும், புறம்போக்கில் கிடப்பது யாருடையது என்று மேலே கேட்பார்கள் என்றார் அவர். இறங்கி மண்ணைத் தோண்டிப் பாருங்கள், அறுபட்ட கிழங்கு உள்ளேயே நாறிக்கொண்டிருக்கிறது என்றார் அப்பா. இருட்டுவதற்குள் இன்னும் மூன்று ஊர் பார்க்க வேண்டும் என்றார் அவர். அதுவரைக்கும் உன் அப்பா கைகட்டித்தான் நின்றார். பைக்கில் ஏறப் போனவர் திரும்பி ஒன்று சொன்னார்.

“கெழங்க வித்துப்புட்டு நெவாரணமும் கேக்கறீங்களேப்பா, ஞாயமா இது?”

மண்வெட்டி எப்போது அப்பா கைக்கு வந்தது என்று நான் பார்க்கவில்லை. காம்புப் பக்கம் முதல் அடி. அவர் தடுக்கக் கையைத் தூக்கினார், எழுதுகிற கை. காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. அவர் சேற்றில் விழுந்து, “அய்யோ, எம் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதுங்க” என்று கத்தினார். உன் அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, சாமி சத்தியமாக அது என் புருஷன் முகமே இல்லை. மண்வெட்டியைத் திருப்பி இரும்புப் பக்கம் தலைக்கு மேல் ஓங்கினார். அது இறங்கியிருந்தால் அந்த மனிதர் செத்திருப்பார், உன் அப்பா தூக்கிலோ ஜெயிலிலோ செத்திருப்பார். நான் நடுவில் போய் விழுந்தேன். அடி என் தோளில் இறங்கியது. வலி உடனே தெரியவில்லை. உன் அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு, “ஏ புள்ள, நீ எதுக்கு வந்த, நீ எதுக்கு வந்த” என்று கேட்டுக்கொண்டே இருந்தது மட்டும் தெரிகிறது.

அந்த ஒரு அடியோடு எல்லாம் முடிந்துவிடும் என்று அடிக்கிறவன் நினைக்கிறான். போலீஸ் வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போனது. திரும்பி வந்தபோது அவருக்குத் தரையில் பாதம் ஊன்ற முடியவில்லை, உள்ளங்கால் இரண்டும் லத்தியடியில் வீங்கி வெடித்திருந்தன. அதுவாவது எங்கள் வீட்டோடு போனது. வி.ஏ.ஓ.வை வெட்டிய ஊர் என்று பேர் வந்ததில் கணக்கெடுப்பு அப்படியே நின்றுபோனது. நம் ஊர்க் கிழக்குத் தெருக்காரர்கள் வயலையெல்லாம் அதுவரை யாரும் பார்க்கவே இல்லை. போலீஸ் துணையோடு ஆட்கள் வருவதற்குள் தண்ணீர் வற்றி, பாதிப் பேர் வயிற்றுப்பாட்டுக்காக உழுது ராகி விதைத்திருந்தார்கள். எதைப் பார்த்து எழுதுவார்கள்? கிழக்குத் தெருவுக்கு ஒன்றும் வரவில்லை.

அந்தச் சேதி தெரிந்த அன்று அவர்கள் நம் வீட்டுக்கு வந்தார்கள். நீ பரீட்சைக்குத் திரும்பிப் போயிருந்தாய். ஓடு உடைந்ததற்குக் குரங்கு குதித்தது என்று உன்னிடம் சொன்னேன், நீயும் நம்பினாய். கல்லெறிந்தார்கள். கதவைக் கடப்பாரையால் நெம்பினார்கள். உன் அப்பா கால் ஊன்ற முடியாமல் கட்டிலில் கிடந்தார், அவரை வெளியே இழுத்து வந்து முற்றத்தில் போட்டு மிதித்தார்கள். மரத்தடியில் இருந்த என் குச்சிக் கட்டுகளை அவிழ்த்து, ஒவ்வொரு குச்சியாகத் துண்டு துண்டாக வெட்டினார்கள். கூடப் பிறந்தவள் மாதிரி என்னோடு களை வெட்டியவள் ஒருத்தி, பேர் வேண்டாம், கட்டுப் போட்ட என் தோளில் செங்கல்லால் அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். “எம் மஞ்சக் காடு அழுவிக் கெடந்தத ஒருத்தரும் வந்து பாக்கலயே, ஒம் புருசனாலதான் பாக்கல” என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. அவள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் வரவில்லை, வலி மட்டும் இருக்கிறது.

அந்த வி.ஏ.ஓ.வை நான் மறுபடி பார்த்தது கோர்ட்டு வராண்டாவில். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், அவருக்குக் கையில் கட்டு, எனக்குத் தோளில் கட்டு. சிரிப்புத்தான் வந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். வலது கையால் டம்ளரைப் பிடிக்கப் போய், முடியாமல் இடது கைக்கு மாற்றினார். விரல்கள் கடைசி வரை சரியாக மடங்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நீங்கள் அன்றைக்கு ஒரு தடவை இறங்கிப் பார்த்திருக்கலாம் சார் என்றேன். அவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

“நான் வரப்புலயே நின்னு எழுதிட்டேம்மா, தப்புதான். அதுக்குன்னு கையையா எடுக்கறது?”

அவர் செய்தது தப்பு. என் புருஷன் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழித்துவிட முடியாது. இந்த இரண்டையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள், மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? “நான் அந்த வேலைக்கே போறம்மா, வயல்ல எறங்காம ஒரு எழுத்து எழுதமாட்டேன்” என்றாய். படித்தாய், பாஸ் பண்ணினாய், ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். உன்னை அடித்தவனின் வயலில் நீ இறங்கினாயா கண்ணு? புது ஷூ போட்டிருந்தாயா? நெல் சாய்ந்து முளைவிட்டால் அரிசிக்கு ஆகாது. மாடு பட்டினி கிடக்கும்போது எந்தக் குடியானவனும் அதை அப்படியே விடமாட்டான், அறுத்துப் போடுவான். உன் அப்பா கிழங்கு பிடுங்கிய மாதிரிதான், நான் குச்சி கட்டிய மாதிரிதான். அவன் வீட்டுக்குப் பின்னால் போய் மாடு எதைத் தின்கிறது என்று ஒரு தடவை பார்த்தாயா? மரவள்ளி வீட்டுப் பிள்ளை நீயே வரப்பில் நின்றால், டவுனில் பிறந்து வளர்ந்தவன் எங்கே நிற்பான்? எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. மண்டை உடைந்த பிள்ளை மேல் கோபப்படுகிறோமே என்று என் மேலும் கோபம் வருகிறது.

அவனை மன்னித்துவிடு என்று நான் சொல்லமாட்டேன். கட்டை இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தால் உன் கண் போயிருக்கும். வழக்குக் கொடு, தாராளமாகக் கொடு. அடித்தவன் அடித்ததற்குப் பதில் சொல்லட்டும், உன் அப்பா உள்ளே போய்ப் பதில் சொன்னார் இல்லையா. ஆனால் அதற்கு முன்னால் வயலுக்குப் போ. பட்டியல் தாலுகா ஆபீசுக்குப் போவதற்குள் நீ எழுதியது சரியா என்று பார். சரியாக இருந்தால் விட்டுவிடு, தப்பாக இருந்தால் அடித்து எழுது. மற்ற வயல்களையும் பார்த்து முடி. நீ ஊருக்குள் போகாமல் இருந்தால் அது அவன் ஒருத்தனோடு போகாது. அங்கேயும் ஒரு கிழக்குத் தெரு இருக்கும், அவர்கள் அவன் வீட்டை உடைப்பார்கள், அவன் பெண்டாட்டியைச் செங்கல்லால் அடிப்பார்கள்.

இன்னொன்று. நேற்று நீ போனை வைத்ததும் உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? சட்டையை மாட்டினார், கொட்டகைக்குப் போய் மண்வெட்டியை எடுத்தார், மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். எங்கே என்றேன். எம் புள்ளைய அடிச்சவன வெட்டிட்டு வரேன் என்றார். ஒரு அதிகாரியின் கையை ஒடித்த மனிதர், அதிகாரியை அடித்தவனை வெட்டப் புறப்பட்டார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, ஓங்கி ஒரு அறை விட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவர் மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டார். அப்புறம் நீ போனில் சொன்னதை முழுதாகச் சொல்லச் சொன்னார். தாள், வரப்பு, அறுவடை முடிந்த நிலம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அழுதார். கன்றைத் தூக்கி வந்த அன்றுகூட அவர் அழவில்லை.

“அவனும் என்னாட்டம் ஒரு முட்டாப்பய புள்ள. நம்ம பையன் அந்த ஆபீசராட்டம் ஆயிட்டான். நான் போயி ரெண்டு பேத்தையும் பாக்கணும்” என்றார்.

அதனால் இந்தக் கடிதத்தை உன் அப்பாவே கொண்டு வருகிறார். நாளைக்குக் காலையில் ரயில் ஏறுகிறார். அவரைக் கட்டிப் போடவா முடியும்? பையைத் தடவிப் பார்த்துவிட்டேன், ஒரு வேட்டி, துண்டு, உனக்கு எள்ளுருண்டை, அவ்வளவுதான். மண்வெட்டியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். முதலில் அவருக்குச் சோறு போடு, உன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கட்டும். அப்புறம் அவரை அந்த வயலுக்குக் கூட்டிக்கொண்டு போ. தாளைப் பிடுங்கிப் பார்த்து, பச்சையில் அறுத்ததா பழுத்து அறுத்ததா என்று உனக்குச் சொல்ல அவரை விட்டால் ஆள் இல்லை. உன்னை அடித்தவனும் அங்கே வருவான். அவனைப் பார்த்ததும் உன் அப்பா கட்டிப்பிடிப்பாரா, கழுத்தைப் பிடிப்பாரா என்று இத்தனை வருடம் கூட இருந்த எனக்கே தெரியாது.

ஷூவைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு வயலுக்குள் இறங்கு. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நில். நான் அன்றைக்கு அங்கேதான் நின்றேன்.

உன் அம்மா